செதில் முளைத்தவன் தனி இனமா?

கேள்வி இது. காவிரிப் படுகையைப் போல ஒரு கற்பனை நாட்டை எழுதி, அதில் கதாபாத்திர ஆட்டம், அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் ஆட்டம், நடத்தப் போகிறீர்கள். மனிதர், யாளியர், கடலுக்குள் வாழும் அலையர், பாதி செடியான நாணலர் என்று நான்கு இனங்கள். மேற்கே மலையில் யாரோ செய்த சூனியத்தால் ஆற்றுநீர் நீலமாகிறது, அதைக் குடித்தவர்களுக்குச் செதில் முளைக்கிறது. அவர்களை ஐந்தாவது இனமாக எழுதுவதா, மியூட்டேஷன், அதாவது மரபில் திடீரென நேரும் மாற்றம், என்று எழுதுவதா? யாளியருக்கும் மனிதருக்கும் பிள்ளை பிறக்குமா? குழுவில் ஆளுக்கு ஒரு பதில் சொல்வதால் ஆட்டம் இன்னும் தொடங்கவே இல்லை என்கிறீர்கள்.

எனக்கு வேலை நெல் விதை உற்பத்தி. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கும்பகோணத்தில் ஐந்தாறு பேரை வைத்து இதே மாதிரி ஆட்டம் நடத்துகிறேன். இரண்டு இடத்திலும் இதே கேள்வி வந்துகொண்டே இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நேரடியான பதில். ஒருவரின் உடம்பைப் பார்த்து இது தனி இனமா, மியூட்டேஷனா என்று சொல்ல முடியாது. அவருக்குப் பிறக்கும் பிள்ளையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். உங்கள் உலகத்தில் வரும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் "இது பிள்ளைக்குப் போகுமா?" என்று கேட்டுப் பதிலை எழுதி வைத்துவிடுங்கள். முக்கால்வாசிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

இதை நான் கற்றுக்கொண்டது வயலில். விதை வயலில் கலவன் எடுப்பது என்று ஒரு வேலை உண்டு. கதிர் பழுத்துத் தலை சாய்ந்திருக்கும் நேரம், வெயில் ஏறுவதற்கு முன்பே வயலில் இறங்கி மெதுவாக நடக்க வேண்டும். தலைமட்டம் ஒரே சீராக இருக்கும் பயிரில் ஒரு தூர் மட்டும் ஒரு சாண் மேலே நிற்கும். கிட்டே போய்க் கதிரை விரலால் தூக்கிப் பார்த்தால் மணியின் நுனியில் மீசை இருக்கும். பக்கத்துத் தூரில் மீசை இருக்காது. அதை வேரோடு பிடுங்கி வரப்புக்கு வெளியே கொண்டுபோய்ப் போட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், எனக்குப் பழக்கிய பெரியவரிடம் "ஐயா, இது வேற ரகமா, இல்ல இந்த ரகமே மாறிடுச்சா?" என்று கேட்டேன். அவர் அந்தக் கதிரிலிருந்து ஒரு பிடி நெல்லை உருவி என் உள்ளங்கையில் வைத்து, "தனியா வெதச்சுப் பாரு தம்பி" என்றார்.

அடுத்த பட்டத்தில் வயல் மூலையில் நான்கு வரிசை நட்டேன். எல்லாமே உயரமாக, மீசையோடு, ஒரே மாதிரி வந்தன. மூட்டையிலோ களத்திலோ வேறு ரக நெல் கலந்திருக்கிறது என்று பெரியவர் சொல்லிவிட்டார். நெட்டையும் குட்டையுமாகப் பிரிந்து வந்திருந்தால், வேறு ரகத்து மகரந்தம் விழுந்த கலப்பாக இருக்கலாம், அல்லது புதிதாக நேர்ந்த மரபு மாற்றமாக இருக்கலாம். எல்லாம் பழையபடி குட்டையாகவே வந்திருந்தால், அந்தத் தூர் எருக்குவியல் கிடந்த இடத்தில் கொழுத்து வளர்ந்தது, அவ்வளவுதான். வயலில் நிற்கும்போது இந்த மூன்றும் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

சரி, இனத்துக்கு வருவோம். தமிழில் இந்தச் சொல்லே ஒரு சிக்கல். மனித இனம், தமிழினம், மாட்டினம், வாழையினம் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் புழங்குகிறோம். நம் உயிரியல் பாடப்புத்தகம் 'சிற்றினம்' என்று பிரித்துச் சொல்கிறது. அதற்கு மேல்படி பேரினம். நெல்லுக்குப் பேரினம் ஒரைசா, சிற்றினம் சட்டைவா, 1753-ல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர். உங்கள் விதிப்புத்தகத்திலும் சிற்றினம் என்றே எழுதுங்கள். 'இனம்' என்ற சொல்லை, ஒரே சிற்றினத்துக்குள் இருக்கும் மக்கள் கூட்டங்களுக்கு விட்டுவிடுங்கள். வயல்கரை மனிதரும் கடற்கரை மனிதரும் அந்தக் கணக்கில் வேறு இனமாக இருக்கலாம், சிற்றினம் ஒன்றுதான்.

சிற்றினத்துக்குப் பல வரையறைகள் உண்டு. ஆட்டத்துக்கு எனக்கு உதவியது 1942-ல் எர்ன்ஸ்ட் மாயர் என்ற உயிரியலாளர் கொடுத்தது. இயற்கையில் தங்களுக்குள் கலந்து பிள்ளை பெற்று, மற்றக் கூட்டங்களோடு அப்படிக் கலக்காமல் ஒதுங்கியிருக்கும் கூட்டம்தான் சிற்றினம் என்றார். இதில் பிள்ளை பிறந்தால் மட்டும் போதாது, அந்தப் பிள்ளைக்கும் பிள்ளை பிறக்க வேண்டும். செல்லுக்குள் மரபுப் பொருளைச் சுமக்கும் இழைதான் குரோமோசோம். குதிரைக்கு அது 64, கழுதைக்கு 62. இரண்டுக்கும் பிறக்கும் கோவேறு கழுதைக்கு 63. அது பாரம் சுமக்கும், மலை ஏறும், ஆனால் 63 சரியாக ஜோடி சேராததால் அதற்குக் குட்டி பிறப்பது மிக மிக அபூர்வம். ஆகவே குதிரையும் கழுதையும் வேறு சிற்றினங்கள்.

இப்போது உங்கள் யாளியருக்கு இதை வைத்துப் பாருங்கள். யாளியருக்கும் மனிதருக்கும் பிள்ளையே பிறக்காது என்று எழுதினால் இரண்டும் தூரத்துச் சிற்றினங்கள். காதல் இருக்கலாம், வாரிசு இருக்காது, தத்தெடுப்பு உங்கள் நாட்டில் பெரிய சடங்காகிவிடும். பிள்ளை பிறக்கும், ஆனால் அந்தப் பிள்ளையோடு வம்சம் நின்றுவிடும் என்றால் கோவேறு கழுதை நிலை. அரைவாசி யாளியான ஒருவர் நூறு வருடம் வாழ்ந்தும் தன் பெயரைச் சொல்ல ஆளில்லாமல் போவார் என்பதே ஒரு கதாபாத்திரத்துக்குப் போதுமான கனம். பிள்ளைக்கும் பிள்ளை பிறக்கும், பேரனுக்கும் பிறக்கும் என்று எழுதினால் மாயர் கணக்கில் யாளியரும் மனிதரும் ஒரே சிற்றினம், தும்பிக்கை எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி. மூன்றில் எதை எடுத்தாலும் தவறில்லை. எதையும் எடுக்காமல் ஆட்டத்தைத் தொடங்கினால்தான் நடுவில் நிற்கும். எங்கள் மேசையில் அப்படி நின்றிருக்கிறது. ஒரு கதாபாத்திரத்துக்குக் குழந்தை பிறந்த இடத்தில் ஒரு மணி நேரம் வாக்குவாதம், அன்றைக்கு அதோடு எழுந்துவிட்டோம்.

தோற்றத்தை நம்பாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு நம் நெல்லே காரணம். மாப்பிள்ளைச் சம்பா ஆள் உயரம் போகும், அரிசி சிவப்பு. கறுப்புக் கவுனி அரிசி மையைப் போல இருக்கும். சீரகச் சம்பா மணி சீரகம் அளவுதான். காட்டுயானத்துக்குள் யானையே மறையும் என்று சொல்வார்கள். இவை நான்கையும் ஒரு தட்டில் பரப்பி வைத்தால் நெல்லை அறியாத ஒருவர் நான்கு தனிச் செடிகள் என்றுதான் நினைப்பார். நான்கும் ஒரைசா சட்டைவாதான்.

எல்லை இவ்வளவு சுத்தமாக எப்போதும் இருக்காது என்பதும் நெல்லிலேயே தெரியும். இந்த ஒரே சிற்றினத்துக்குள் இண்டிகா, ஜப்பானிகா என்று இரண்டு பெரும் பிரிவுகள். இரண்டையும் கலந்தால் பயிர் செழிப்பாக வரும், கதிரில் பாதி பதராகப் போவதும் உண்டு. ஒன்று என்று சொல்லவும் முடியாமல் இரண்டு என்று சொல்லவும் முடியாமல் நிற்கும் உறவு அது. அப்படியிருந்தும் அந்தக் கலப்பிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து உருவானதுதான் ஆடுதுறை 27. 1960-களில் தஞ்சாவூர்ப் பகுதிக் குறுவைக்கு வந்து பரவிய ரகம். ஒரு பெற்றோர் ஜப்பானிய நெல், இன்னொன்று ஜி.இ.பி. 24 என்ற நம் கிச்சிலிச் சம்பா. யாளியருக்கும் மனிதருக்கும் இந்த மாதிரி நடுவாந்தர உறவு வைக்கலாம். பத்துக் கருவில் பாதி தங்கும், தங்கியது நன்றாக வாழும். மருத்துவச்சிகளுக்கு அந்த நாட்டில் என்ன மதிப்பு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

யாளி பற்றி ஒரு வார்த்தை. யாளியர் சிங்கமும் யானையும் கலந்து வந்தவர்கள் என்று எழுதாதீர்கள். தாராசுரம் கோயிலில் ரிஷபகுஞ்சரம் என்று ஒரு சிற்பம் இருக்கிறது. காளையும் யானையும் இரண்டு உடம்போடு எதிரெதிரே நிற்கும், தலை ஒன்றுதான். ஒரு பக்கத்தை மறைத்தால் காளை, மறு பக்கத்தை மறைத்தால் யானை. அது இரண்டு விலங்கை ஒட்ட வைத்த விளையாட்டு. தூணில் பாய்ந்து நிற்கும் யாளியைப் பாருங்கள், அதில் ஒட்டே தெரியாது. தோள், இடுப்பு, தும்பிக்கை, பிடரி எல்லாம் ஒரே விலங்கின் உடம்பாக ஓடும். சிற்பி அதைக் கலப்பாக நினைக்கவில்லை, ஒரு முழு உயிராகவே நினைத்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றும். உங்கள் யாளியருக்கும் அவர்களுக்கே உரிய முன்னோர் இருக்கட்டும்.

நாணலர்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம், ஏனென்றால் செடி என்று வந்துவிட்டால் மாயர் வரையறை தடுமாறும். வாழையை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் சாப்பிடும் வாழையில் பெரும்பாலானவை மூசா அக்குமினாட்டா, மூசா பால்பிசியானா என்ற இரண்டு காட்டு வாழைகளிலிருந்து வந்தவை. முதலாவதின் குரோமோசோம் தொகுதிக்கு ஏ என்றும் இரண்டாவதின் தொகுதிக்குப் பி என்றும் எழுத்துப் போட்டுக் குறிப்பார்கள். பூவன் ஏ ஏ பி, மொந்தன் ஏ பி பி, செவ்வாழை ஏ ஏ ஏ. மூன்று தொகுதி இருப்பதால் ஜோடி சேராது, விதை பிடிக்காது. பூவன் எந்தச் சிற்றினம்? இதுவும் இல்லை, அதுவும் இல்லை. லின்னேயஸ் இந்தக் கலப்பு வாழைகளுக்குத் தனிச் சிற்றினப் பெயர்களே வைத்துவிட்டார். 1955-ல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற இருவர் எழுத்துக் குறி முறையைக் கொண்டுவந்த பிறகுதான் குழப்பம் தெளிந்தது. கலவிவழிப் பிள்ளையே பெறாத உயிரைக் கலவியை வைத்து எப்படி வரையறுப்பது? வாழை பக்கக்கன்று விட்டுத்தான் பெருகுகிறது, வாழையடி வாழை என்கிறோமே, அதேதான். நாணலரும் கிழங்கிலிருந்து கன்று விடுபவர்கள் என்றால், மகன் அப்பனின் அச்சு அசல். அவர்களுக்குக் குடும்பம் என்பது ஒரே ஆளின் பல உடம்புகள். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே வாரிசுச் சண்டை வந்தால் அதை எப்படி நடத்துவீர்கள் என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

சிற்றினத்துக்குள் எதை எழுதக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். 1974-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர ஆட்டம் வந்தபோதே மனிதரோடு எல்ஃப், டுவார்ஃப், ஹாபிட் என்ற கற்பனை மக்களும் தனித்தனிப் பிரிவுகளாக இருந்தார்கள். 1981-ல் வந்த அடிப்படைப் பதிப்பில் டுவார்ஃப் என்பதே ஒரு தொழில். டுவார்ஃபாகப் பிறந்தால் டுவார்ஃப் வேலைதான், மந்திரவாதியாக முடியாது. பல பதிப்புகளில் ரேஸ் (இனம்) என்று இருந்த சொல்லை 2024 விதிப்புத்தகத்தில் ஸ்பீஷீஸ் (சிற்றினம்) என்று மாற்றினார்கள். பிறப்போடு அறிவையும் குணத்தையும் கட்டி வைக்கும் வழக்கம் பற்றிப் பல வருட விவாதத்துக்குப் பிறகு நடந்த மாற்றம் அது. நமக்கு இதை வெளியூரிலிருந்து யாரும் விளக்க வேண்டியதில்லை. பிறந்த வீட்டை வைத்து யார் ஏர் பிடிப்பது, யார் கணக்கு எழுதுவது, யார் எந்தத் தெருவில் நடப்பது என்று விதி எழுதி வைத்திருந்த மண் இது. உங்கள் ஆட்டத்தில் உட்காரும் நான்கு பேரில் ஒருவர் வீட்டில் அந்தக் கதை இருக்கும். ஆகவே சிற்றினத்தில் உடம்பை மட்டும் எழுதுங்கள். மூச்சு எப்படி, என்ன உண்பார்கள், இருட்டில் பார்வை எப்படி, எத்தனை வருடம் வாழ்வார்கள், பிள்ளை எப்படிப் பிறக்கும். நேர்மை, கொடூரம், சாமர்த்தியம், தொழில் எல்லாம் ஆள் வளர்ந்த ஊரையும் ஆளையும் சேர்ந்தது. அலையர் தண்ணீருக்குள் மூச்சு விடலாம். அலையர் எல்லோரும் வஞ்சகர்கள் என்று மட்டும் எழுதாதீர்கள்.

அப்புறம் மியூட்டேஷன். பாடப்புத்தகத்தில் சடுதி மாற்றம் என்று இருக்கும். மரபுப் பொருளில், அதாவது டி.என்.ஏ. என்ற நீண்ட எழுத்துச் சரத்தில், ஏதோ ஓர் இடத்தில் எழுத்து மாறுவதும் விடுபடுவதும் கூடுவதும்தான் அது. கொம்பு முளைப்பது, கண் சிவப்பது என்று சினிமா காட்டுவதால் மியூட்டேஷன் என்றாலே விபரீதம் என்று மனதில் பதிந்துவிட்டது. உங்களுக்கும் எனக்கும் பிறக்கும்போதே அப்பா அம்மா இருவரிடமும் இல்லாத புது மாற்றங்கள் சுமார் 60, 70 இருந்திருக்கும். பெரும்பாலானவை ஒன்றுமே செய்வதில்லை.

வேடிக்கை பாருங்கள், நாம் தினமும் தின்னும் வெள்ளை அரிசிதான் மியூட்டேஷன். காட்டு நெல்லின் அரிசி சிவப்பு. அரிசித் தோலுக்குச் சிவப்புத் தரும் ஒரு மரபணுவில் 14 எழுத்துகள் விடுபட்டுப் போனதால் வெளுத்தது, உலகத்தின் பெரும்பாலான வெள்ளை அரிசி ரகங்களில் அதே 14 எழுத்துதான் காணவில்லை. குட்டை நெல்லும் அப்படியே. தைவானின் டீ-ஜியோ-ஊ-ஜென் என்ற ரகத்தில், பயிரை நெட்டையாக்கும் ஜிப்பரலின் ஹார்மோனைச் செய்யும் மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருந்தது. அதை பீட்டா என்ற நெட்டை ரகத்தோடு கலந்து 1966-ல் வெளியிட்டதுதான் ஐ.ஆர். 8. உரம் போட்டால் நெட்டை நெல் சாய்ந்துவிடும், குட்டை நெல் நின்று மணி பிடிக்கும். மேலே சொன்ன ஜி.இ.பி. 24-உம் கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கோணமணி என்ற ரகத்தில் தானாக நேர்ந்த மாற்றத்திலிருந்து 1921-ல் பொறுக்கி எடுத்தது. இத்தனை மாறியும் எதுவும் புதுச் சிற்றினம் ஆகவில்லை. ஐந்தாவது இனமா என்ற உங்கள் கேள்விக்கு இதிலேயே பாதி பதில் இருக்கிறது.

மீதிப் பாதி, மாற்றம் உடம்பில் எங்கே நேர்ந்தது என்பதில் இருக்கிறது. தோலில் ஒரு செல்லில் மாற்றம் வந்தால் அந்த ஆளோடு போய்விடும். கருமுட்டைக்கோ விந்துக்கோ போகும் செல்லில் வந்தால்தான் பிள்ளைக்குப் போகும். செடியில் இந்தப் பிரிவு அவ்வளவு கறாராக இல்லை. செவ்வாழைத் தோப்பில் எப்போதாவது ஒரு மரம் பச்சைத் தோல் குலை தள்ளும். அதன் பக்கக்கன்றை எடுத்து நட்டால் அதுவும் பச்சையாகவே வரும், அப்படி ஒரு தனி ரகமே உண்டு. நீல நீர் குடித்த மனிதருக்குச் செதில் வந்தால் அவரோடு முடிந்துவிடலாம். அதே நீரைக் குடித்த நாணலருக்குச் செதில் வந்தால் அவர் விடும் ஒவ்வொரு கன்றுக்கும் செதில் வரலாம். ஒரே சூனியம் இரண்டு சிற்றினங்களில் இரண்டு விதமாக வேலை செய்யும் என்று ஆட்டக்காரர்கள் கண்டுபிடிக்கும் இடம் நல்ல இடமாக இருக்கும்.

மியூட்டேஷனே இல்லாத மாற்றங்களும் உண்டு, அவற்றை இதில் கலக்காதீர்கள். கோடியக்கரைக்கு வரும் பூநாரையின் இளஞ்சிவப்பு அது தின்னும் பாசியிலும் கூனியிலும் இருக்கும் நிறமியால் வருகிறது. குஞ்சு சாம்பல் நிறம். அந்த இரை இல்லாமல் வளர்த்தால் பெரிய பறவையும் வெளுத்துப் போகும். நாகப்பட்டினம் கரையில் முட்டையிடும் பங்குனி ஆமைக்கு, குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். இவை இரையாலும் இடத்தாலும் வருபவை, எழுத்து எதுவும் மாறவில்லை. நீல நீரைக் குடிப்பதை நிறுத்தினால் ஒரு வருடத்தில் செதில் உதிர்ந்துவிடும் என்று நீங்கள் முடிவு செய்தால், உங்கள் செதிலர் இந்தப் பூநாரை வகை. கதை அப்போது நல்ல தண்ணீரைத் தேடிப் போகும் கதையாகிவிடும்.

செதில் உண்மையான மியூட்டேஷன்தான் என்று நீங்கள் முடிவெடுத்தால் விதி எப்படி எழுதுவது என்று காட்டுகிறேன். 1976-ல் வந்த மெட்டமார்ஃபோசிஸ் ஆல்ஃபா, 1978-ல் வந்த காமா வேர்ல்ட் ஆட்டங்களில் இருந்தே மியூட்டேஷனை டைஸ் உருட்டி அட்டவணை பார்த்து எடுப்பது வழக்கம். அந்த ஆட்டங்களில் கதாபாத்திரத்தை உருவாக்கும்போதே மியூட்டேஷன் கிடைத்துவிடும், அதனால் ஏறக்குறைய சிற்றினம் மாதிரியே ஆகிவிடும். உங்கள் கதையில் அது நடுவழியில் நேர வேண்டியது. ஆகவே சிற்றினத்தைத் தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கட்டும், மியூட்டேஷனை ஆட்டத்துக்குள் சம்பாதிக்கட்டும். ஒரே குறிப்பேட்டில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள்.

நான் இதற்குத் தாயக்கட்டை வைத்துக்கொள்கிறேன். பித்தளைக் கட்டைக்கு நான்கு பட்டை. ஒன்று வெறும் பட்டை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டு கட்டையின் புள்ளிகளையும் கூட்ட வேண்டும்; கூட்டினால் ஒன்று வருவது தாயம், இரண்டும் வெறும் பட்டையாக விழுந்தால் பன்னிரண்டு. இரண்டு கட்டை உருட்டினால் மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் மூன்று விழ 4 வழி, இரண்டுக்கும் நான்குக்கும் தலா 3, தாயத்துக்கும் ஐந்துக்கும் தலா 2, ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் தலா ஒரே வழி. மூன்று விழுந்தால் எதுவும் தெரியாத மாற்றம், ஆள் சும்மா இருப்பார். இரண்டோ நான்கோ விழுந்தால் சின்ன மாற்றம், நிறம் அல்லது வாசனை. ஐந்து விழுந்தால் ஒன்றை இழக்கிறார், மாலைக்கண் வருகிறது அல்லது உப்பு உடம்புக்கு ஒவ்வாமல் போகிறது. தாயம் விழுந்தால் ஒரு நன்மை, அதற்கு ஒரு விலையோடு. ஆறு விழுந்தால் உடம்பே மாறும் பெரிய மாற்றம், செதில் இங்கேதான் வருகிறது. பன்னிரண்டு விழுந்தால் உடம்பில் ஒன்றுமே தெரியாது, ஆனால் மாற்றம் கருவுக்குள் போய்விடுகிறது. அதை ஆட்டம் நடத்துபவர் மட்டும் தன் ஏட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். 160 பேர் அந்த நீரைக் குடித்த ஊரில் ஏறத்தாழ பத்துப் பேர் தங்களுக்கே தெரியாமல் அதைச் சுமப்பார்கள்.

அடுத்த தலைமுறைக்கு ஒற்றைக் கட்டையே போதும். நம் உடம்பில் ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. செதிலை ஒடுங்கு பண்பாக வையுங்கள். இரண்டு பிரதியும் மாறியிருந்தால்தான் வெளியே தெரியும். சுமக்கும் இருவருக்குப் பிறக்கும் பிள்ளைக்கு ஒரு கட்டையை உருட்டுங்கள். வெறும் பட்டை விழுந்தால் செதிலோடு பிறக்கிறது. ஒன்றோ இரண்டோ விழுந்தால் சுமக்கிறது, வெளியே தெரியாது. மூன்று விழுந்தால் சுத்தமாகத் தப்பித்தது. மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட அதே நாலில் ஒன்று கணக்கு, நம் வீட்டுக் கட்டையில் அப்படியே இருக்கிறது. இதை முதல் முறை மேசையில் உருட்டியபோது, தாய் தந்தையாக ஆடிய இருவரும் கட்டை நிற்கும்வரை மூச்சு விடவில்லை.

நன்மைக்கு விலை வைப்பதற்கு உண்மையில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. அரிவாள் செல் மாற்றம் ஹீமோகுளோபின் மரபணுவில் ஒற்றை எழுத்து மாறுவதால் வருவது. ஒரு பிரதி இருந்தால் மலேரியாவின் கடுமையிலிருந்து காப்பு, இரண்டு பிரதியும் இருந்தால் கடும் ரத்த நோய். செதிலைச் சுமப்பவர்களுக்கு நீல நீர் விஷமில்லை என்று வைத்தால், ஊர் எதற்காக அந்த ரத்தத்தைத் தேடித் தேடிப் பெண் எடுக்கிறது என்பதற்குக் காரணம் கிடைத்துவிடும். அதன் விலை தொட்டிலில் தெரியும்.

செதிலர் எப்போது தனிச் சிற்றினம் ஆவார்கள்? பிரிந்து, நீண்ட காலம் பிரிந்தே இருந்தால். கொள்ளிடத்தில் ஐம்பது வருடம் ஓயாத வெள்ளம் என்று எழுதி, வடகரையில் செதிலரையும் தென்கரையில் மற்றவர்களையும் நிறுத்துங்கள். ஐம்பது வருடம் மனிதருக்கு இரண்டு தலைமுறை, ஒன்றும் ஆகாது, பாலம் கட்டியதும் கல்யாணம் நடக்கும். பல்லாயிரம் வருடம் என்றால் கதை வேறு. இரண்டு கரையிலும் வேறு வேறு மாற்றங்கள் சேர்ந்து சேர்ந்து, ஒருநாள் கலந்தாலும் கரு தங்காத நிலை வரும். அந்த நாளுக்குத் தேதி போட முடியாது. திபெத் பீடபூமியைச் சுற்றி வாழும் ஒரு பச்சைக் கதிர்க்குருவியில் பக்கத்துப் பக்கத்துக் கூட்டங்கள் ஒன்றுக்கொன்று நெருக்கம். ஆனால் மேற்கு வழியாகவும் கிழக்கு வழியாகவும் வடக்கே ஏறிப்போய்ச் சைபீரியாவில் சந்திக்கும் இரண்டு முனைக் கூட்டங்கள் கிட்டத்தட்டக் கலப்பதே இல்லை, பாட்டே வேறாகிவிட்டது. உங்கள் நாட்டின் கடற்கரையைச் சுற்றி அலையர் ஊர்களை இப்படி வளையமாக வைக்கலாம். செடிகளுக்கு மட்டும் குறுக்கு வழி உண்டு. குரோமோசோம் தொகுதியே பெருகி ஒன்றிரண்டு தலைமுறையில் புதுச் சிற்றினம் உருவாகிவிடும். ரொட்டிக் கோதுமையின் 42 குரோமோசோம்கள் மூன்று புல்வகைகளிலிருந்து அப்படிச் சேர்ந்தவைதான். எனவே உடனடியாக ஒரு புதுச் சிற்றினம் வேண்டுமென்றால் அது நாணலர் பக்கம் பிறக்கட்டும்.

கடைசியாக ஒரு நடைமுறை யோசனை. ஒவ்வொரு சிற்றினத்தையும் எழுதும்போது முதல் வரியாக அதன் குழந்தைக்கு என்ன பெயர் என்று எழுதுங்கள். தொல்காப்பிய மரபியல் அப்படித்தான் தொடங்குகிறது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பது இளமைப் பெயர்கள். எந்த உயிருக்கு எது பொருந்தும் என்று பிரித்துச் சொல்கிறது. பறப்பதற்குப் பார்ப்பும் பிள்ளையும், நாய்க்கும் புலிக்கும் குருளை, யானைக்குக் கன்று. அலையரின் குழந்தை பார்ப்பா, குழவியா என்று தீர்மானிக்கும்போதே அவர்கள் முட்டையிடுபவர்களா, பால் கொடுப்பவர்களா என்பதும் தீர்மானமாகிவிடும். யாளியருக்குக் கன்று என்றால் தும்பிக்கை பக்கம் சாய்கிறீர்கள், குருளை என்றால் நகத்தின் பக்கம். ஓரறிவு உயிரான செடிகளுக்குப் பிள்ளை, குழவி, கன்று, போத்து என்ற பெயர்கள் ஆகும் என்கிறது. தென்னம்பிள்ளை, வாழைக்கன்று என்று இன்றும் சொல்கிறோமே. ஆனால் அதற்கு ஒரு விலக்கும் அங்கேயே இருக்கிறது: "நெல்லும் புல்லும் நேரார் ஆண்டே". நெல்லுக்கும் புல்லுக்கும் அந்தப் பெயர்கள் பொருந்தாது. நாணலும் புல்தான். ஆகவே உங்கள் நாணலரின் குழந்தையைக் கன்று என்று சொல்லலாமா, நெல்லுக்குச் சொல்வதைப் போல நாற்று என்று சொல்ல வேண்டுமா? கன்று என்றால் தாயின் காலடியிலேயே வளரும் அச்சு அசல் பிள்ளை. நாற்று என்றால் ஊர்ப்பிள்ளைகள் எல்லோரும் ஒரே நாற்றங்காலில் நெருக்கி வளர்ந்து, இருபத்தைந்தாம் நாளில் பறித்து வேறு வேறு வயலில் நடப்படுபவர்கள். அதை முடிவு செய்துவிட்டு எழுதுங்கள், நாணலருக்கு மியூட்டேஷன் அட்டவணை எப்படி இருக்க வேண்டும் என்று அதற்கு ஏற்பச் சொல்கிறேன்.